ஏலூரில் பிறந்த பட்டம்

நம் ரயில்வே குடியிருப்பில் ஞாயிறு மாலை சதுரங்கப் பலகை விரிந்தால், விதிச் சண்டையும் உடன் விரியும். நாட்டு வழக்கில் சிப்பாய் ஒரு கட்டமே நகரும். 'செக்' வாங்காத ராஜா ஒருமுறை குதிரைபோலப் பாயலாம். சர்வதேச விதியில் அப்பாய்ச்சல் கிடையாது.

இந்தியத் தேசியப் பட்டத்துக்கான முதற்போட்டி 1955-இல் ஆந்திரத்து ஏலூரில் நடைபெற்றது. ராமச்சந்திர சாப்ரேயும் வெங்கய்யாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டனர். அக்காலத்தில் ஈராண்டுக்கு ஒருமுறையே போட்டி. தோற்றவர் நமது மாற்றல் மனுவைப்போலக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். ஆண்டுதோறும் நடத்தும் வழக்கம் பின்னர் வந்தது.

பர்மாவில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, அலகாபாத்தில் பட்டப்படிப்பு முடித்த மானுவல் ஆரோன், 1959-க்கும் 1981-க்கும் இடையே ஒன்பது முறை அப்பட்டத்தை வென்றார். 1961-இல் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டரானார். ஊருக்கு ஊர் வேறுபட்ட விதிகளைக் கைவிட்டு உலக முறையைக் கற்கும்படி ஆட்டக்காரர்களை வற்புறுத்தியவரும் அவரே. சென்னையில் 1972-இல் அவர் நிறுவிய தால் சதுரங்கக் கழகத்தில் பயின்ற விசுவநாதன் ஆனந்த், 1986-இல் தமது 16-ஆம் வயதில் தேசியப் பட்டம் பெற்றார்.

நம் சிறுவர் நால்வர் இவ்வாண்டு மாநிலப் போட்டிக்கு ஆயத்தமாகின்றனர். ஆகவே சங்கப் பலகையில் இனி உலக விதியே என்று முடிவு செய்துள்ளோம். ராஜாவின் பாய்ச்சலைப் பெரியவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.