மேற்கு வெயிலும் வாடகை ஒப்பந்தமும்

அலுவலகத்துக்கு வாடகை இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் காலை வேளையில்தான் போய்ப் பார்க்கிறார்கள். சதுர அடி என்ன விலை, எத்தனை கார் நிறுத்தலாம், ஜெனரேட்டர் உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஜன்னலைக் காட்டி, “இதற்கு பிளைண்ட்ஸ் யார் போடுவது, பழுதானால் யார் பார்ப்பது?” என்று கேட்பவர்கள் குறைவு. குடிபுகுந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் கேள்வி தானாக எழும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கணினியில் எழுத்து தெரியாது. ஜன்னலோரம் இருப்பவருக்கு வியர்க்கும், அவருக்காக ஏசியைக் கூட்டினால் நடுவில் இருப்பவர் சால்வை போர்த்திக்கொள்வார். ஊழியர்களுக்குள் சண்டை, நிர்வாகத்திடம் புகார், கட்டட உரிமையாளருக்கு மின்னஞ்சல் என்று அது வளரும். கடைசியில் காலி செய்யும்போது அட்வான்ஸ் தொகையில் பிடித்தம் என்று வந்து நிற்கும்.

சென்னையில் இது ஏன் இவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலை நல்ல உதாரணம். அந்தச் சாலை ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. சாலையைப் பார்த்து முகப்பு வைக்கும் கட்டடம் கிழக்கையோ மேற்கையோ பார்த்துத்தான் நிற்க முடியும். நம் ஊரில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்பதால், தெற்கு ஜன்னலை ஒரு சன்ஷேடு ஓரளவு காத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் சாய்வாக வந்து நேரே மேசைமேல் விழும். சன்ஷேடு எவ்வளவு நீண்டாலும் பெரிதாக உதவாது. அந்தப் பக்கத்துச் சுவரைத்தான் அழகுக்காக முழுக்கக் கண்ணாடியாக்குகிறார்கள். மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 2017 பதிப்பில், தன் நேரடி விதிமுறைகளைப் பின்பற்றும் கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் ஜன்னல் பரப்பு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி நிற்கும் இடத்தைப் பார்க்கப் போகும்போது இந்த எண் நினைவில் இருக்கட்டும்.

உள்ளே தொங்கும் பிளைண்ட்ஸ் வெப்பத்தை நிறுத்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயில் துணியில் பட்டு அதைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும். கண் கூசுவதைத் தடுக்க பிளைண்ட்ஸ் போதும். சூடுதான் பிரச்சினை என்றால் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும், அல்லது கண்ணாடியே வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் தரத்தில் இருக்க வேண்டும். இவை இரண்டும் கட்டட உரிமையாளர் கையில் இருப்பவை. “நீங்களே ஒரு பிளைண்ட்ஸ் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்” என்ற பதிலோடு வாடகைதாரர் திருப்தியடைந்துவிடக் கூடாது. சன் ஃபிலிம் ஒட்டலாமே என்று யாராவது சொன்னால், எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் ஒட்டாதீர்கள். சில வகைக் கண்ணாடிகள் ஃபிலிம் ஒட்டியபின் வெயிலில் சீரற்றுச் சூடாகி விரிசல் விடும். அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

துணியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ரோலர் பிளைண்ட்ஸ் துணியில் நெசவு இடைவெளி ஒரு சதவீதம், மூன்று, ஐந்து என்று பல அளவுகளில் வரும். மேற்குப் பக்கத்துக்கு இடைவெளி குறைந்ததே நல்லது. வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் தானே பளீரென்று ஒளிர்ந்து கண்ணை உறுத்தும். அடர் நிறத்தின் வழியே வெளியே தெளிவாகத் தெரியும், ஆனால் அது சூட்டை அதிகம் உள்வாங்கும். வெளிப்புறம் வெள்ளையாகவும் உட்புறம் அடர் நிறமாகவும் இருக்கும் துணி இரண்டுக்கும் நடுவில் பொருந்தும். பல கட்டட நிர்வாகங்கள் முகப்பு ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று நிறத்தைத் தாங்களே விதிப்பதுண்டு. பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் அந்த விதியைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம் மனித இயல்பைப் பற்றியது. 1978இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் அமைப்பு, மேரிலாந்திலிருக்கும் தன் சொந்த அலுவலகக் கட்டடத்தில் ஜன்னல் திரைகளைப் படம்பிடித்து ஆராய்ந்தது. ஆராய்ச்சியாளர்கள் திரைகளை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தார்கள்; ஊழியர்கள் பெரும்பாலும் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தங்களுக்குப் பிடித்த ஒரு நிலையில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. நம் அலுவலகங்களிலும் இதைப் பார்க்கலாம். மாலை வெயிலுக்கு இறக்கியதை மறுநாள் காலை யாரும் ஏற்றுவதில்லை. வெளியே வெளிச்சம் கொட்டிக் கிடக்க, உள்ளே பகல் முழுக்க விளக்கு எரிகிறது. அந்த மின்கட்டணத்தைக் கட்டுவது வாடகைதாரர். கயிறு அறுந்து, பட்டை உடைந்து, இறக்கிய இடத்திலேயே சிக்கிக் கிடக்கும் பிளைண்ட்ஸ் ஆகவே இரட்டை நஷ்டம். அருகில் இருப்பவர் எழுந்து சுலபமாக இயக்கக்கூடியதாகவும், ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியாக நகரக்கூடியதாகவும் இருந்தால் புகார் பாதியாவது குறையும் என்பது என் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் கணினித் திரைமுன் வேலை செய்பவர்களுக்கான 1992ஆம் ஆண்டு விதிகளின்படி, வேலையிடத்தில் விழும் பகல் வெளிச்சத்தைக் குறைக்க, ஏற்றி இறக்கிச் சரிசெய்யக்கூடிய மறைப்பு ஜன்னல்களுக்கு இருக்க வேண்டும். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளர்களின் கண்ணைக் கூச்சத்திலிருந்து காக்கச் சொன்னது. வாடகை அலுவலகத்தின் திரையைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் கைகொடுப்பது 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இது அலுவலக இடங்களுக்கும் பொருந்தும். (அரசுக் கட்டடங்கள் உள்ளிட்ட சிலவற்றுக்கு விலக்கு உண்டு.) இதன் அட்டவணை பராமரிப்பு வேலைகளைப் பங்கு பிரிக்கிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது உரிமையாளர் பொறுப்பு. ஜன்னல் கண்ணாடி உடைந்தால் மாற்றுவது, கைப்பிடி, பூட்டு மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பு. பிளைண்ட்ஸ் இந்த இரண்டு பட்டியலிலும் பெயர் சொல்லப்படவில்லை. ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதுவதுதான் அதற்குச் சட்டம்.

ஆகவே கையெழுத்துக்கு முன் சில வரிகள் சேர்க்கச் சொல்லுங்கள்: பிளைண்ட்ஸ் யாருடையது, எத்தனை ஜன்னலுக்கு, பழுதை எத்தனை நாளில் யார் சரிசெய்வது, காலி செய்யும்போது விட்டுப்போவதா கழற்றுவதா. ‘இடத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும்’ என்ற வரி அலுவலக ஒப்பந்தங்களில் சகஜம். நீங்கள் மாட்டியதை நீங்களே கழற்றி, ஆணித் துளை அடைத்து, சுவரைப் பூசித் தர வேண்டிய நிலை அதனால் வரும். சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு ஜன்னலையும் திரையோடு தேதி தெரியப் படமெடுத்து, பட்டியலில் இருதரப்பும் கையெழுத்திடுங்கள். இடம் பார்க்கப் போவது பிற்பகல் மூன்றரை மணிக்கு இருக்கட்டும்; ஏப்ரல், மே மாதமானால் இன்னும் நல்லது.

அலுவலகத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தால் (50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் அது இருக்க வேண்டும் என்று 2017 மகப்பேறு நல திருத்தச் சட்டம் விதித்தது), அந்த அறையில் தொங்கு கயிறு உள்ள பிளைண்ட்ஸ் கூடவே கூடாது. கயிற்று வளையத்தில் கழுத்து மாட்டிக் குழந்தைகள் இறந்த சம்பவங்களால்தான் அமெரிக்கத் தரவிதிகள் 2018இலிருந்து கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகளில் எட்டும் கயிறுகளை விலக்கின. கயிறில்லாத வகையைக் கேளுங்கள். கிடைக்கும்வரை கயிற்றைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் சுருட்டி இறுகக் கட்டுங்கள். தொட்டில், நாற்காலி எதையும் ஜன்னலடியில் போடாதீர்கள்.

சிக்கல் வந்தபின் என்ன செய்வது? முதலில் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள், வாய்வார்த்தை நிற்காது. தன் பொறுப்பிலிருக்கும் பழுதைச் சரிசெய்ய உரிமையாளர் மறுத்தால், வாடகைதாரரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வெயிலில் வெளுத்த துணி, பழகித் தளர்ந்த சங்கிலி இவை இயல்பான தேய்மானம்; அதற்குப் பிடித்தம் செய்தால் மறுத்து எழுதுங்கள், பில் கேளுங்கள். இணக்கம் வராவிட்டால் மாவட்ட வாடகை அதிகாரியிடமும், தேவைப்பட்டால் வாடகை நீதிமன்றத்திலும் முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது எழுத்துமூல ஒப்பந்தமும் அதன் பதிவு எண்ணும்தான்.