மறக்கப் பழகிய டிஸ்க்

செயற்கைக்கோள் வழியாக மட்டுமே இணையம் வந்த காலத்தில் அந்தமானுக்குப் படமும் பாட்டும் கப்பலில்தான் வந்தன. சென்னையிலிருந்து மூன்று நாள் கடல். பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்த ஒரு ஹார்ட் டிஸ்க். இறங்கிய கையோடு அது வீடு வீடாகக் கைமாறத் தொடங்கும். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த கடைக்காரர்களுக்கும் சரக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது (காப்புரிமை பற்றி யாரும் மூச்சுவிட்டதில்லை). 500 ஜிபி டிஸ்க் வைத்திருந்தவர் அந்தத் தெருவுக்கே நூலகர் மாதிரி.

2018 டிசம்பர் 30இல் அடிக்கல் நாட்டிய சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கிரேட் நிகோபார் வரை இணைப்பு போயிற்று. படத்துக்காக டிஸ்க் சுமக்கும் வேலை அதோடு ஒழிந்தது. போர்ட் பிளேரே 2024இல் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. பழகிய வாய்க்குப் பழைய பெயர்தான் வருகிறது.

டிஸ்க் மட்டும் தீவை விட்டுப் போகவில்லை. இப்போது வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. விடுதி, நகைக்கடை, மளிகைக்கடை என்று எங்கும் சிசிடிவி. அந்தக் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆரை மாற்றும்போது உள்ளே இருந்த 2 டிபி, 4 டிபி டிஸ்க் மிஞ்சுகிறது. புதிதாக எது வாங்கினாலும் கடல் தாண்டி வர வேண்டிய ஊரில் அதைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? வீட்டு டெஸ்க்டாப்பில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நல்ல காரியம்தான்.

மாட்டுவது சுலபம். டிவிஆரின் மூடியைத் திறந்து, அடித்தட்டின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிஸ்க் கையில் வந்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிளோ சீகேட் ஸ்கைஹாக்கோ, சாதா கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு உள்ள அதே சாட்டா கேபிள், அதே பவர் கேபிள். மாட்டியதும் விண்டோஸில் புதிதாக டிரைவ் எதுவும் தெரியாது. பலர் இங்கேதான் ‘டிஸ்க் செத்துவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிவிஆர் தனக்கென்று வேறு முறையில் ஃபார்மட் செய்து வைத்திருப்பதுதான் விஷயம். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ப் பழைய பார்ட்டிஷன்களை நீக்கி, 2 டிபிக்கு மேல் என்றால் ஜிபிடி முறையைத் தேர்ந்தெடுத்து, என்டிஎஃப்எஸ் ஆக்க வேண்டும். குவிக் ஃபார்மட் போதாது. கடைக்கு வந்துபோனவர்களின் முகங்கள் அதில் மீட்கக்கூடிய நிலையில் கிடக்கும். முழு ஃபார்மட் 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஓடும். டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இந்த டிஸ்க்கின் பழைய பிழைப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 345 ஜிபி. 4 டிபி டிஸ்க் பன்னிரண்டு நாளுக்குள் நிரம்பிவிடும். பிறகு பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். ஆண்டுக்கு ஏறக்குறைய 126 டிபி. இந்த வகை டிஸ்க்குகளை ஆண்டுக்கு 180 டிபி தாங்கும்படிதான் செய்கிறார்கள். எதையும் சில நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாத அதனிடம் இப்போது பிள்ளைகளின் படத்தையும் கல்யாண வீடியோவையும் கொடுத்து, காலத்துக்கும் வைத்திரு என்கிறோம்.

சிசிடிவி டிஸ்க்கில் வைத்த கோப்பு கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் சரி. ரெக்கார்டர் அனுப்பும் ஸ்ட்ரீமிங் கட்டளைகளில், ஒரு காட்சி சிக்கினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக டிஸ்க்குக்கு அனுமதி உண்டு. விண்டோஸ் அனுப்புவது சாதாரணக் கட்டளை, அதற்குத் திரும்பத் திரும்ப முயன்று படிக்கும். நிஜமான குறை வேகம்தான். விண்டோஸை எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டு, இதைக் கிடங்காக மட்டும் பயன்படுத்தலாம்.

பயப்பட வேண்டியது வயதுக்கு. காற்றோட்டமில்லாத டிவிஆர் பெட்டிக்குள், உப்புக்காற்றில், மூன்று ஆண்டு இடைவிடாமல் ஓடியது 26,000 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டிவிடும். அதில் கெட்ட செக்டர்களைக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளிலும் ரா மதிப்பு சுழியமாக இருந்தால் நம்பி வைக்கலாம், ஆனால் வேறிடத்தில் இன்னொரு பிரதியோடு. 2004 சுனாமியில் ஆல்பத்தோடு வீட்டையே பறிகொடுத்த தீவுக்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை அந்த வரிகளைப் பார்த்து, சி5இல் எண் ஏறத் தொடங்கியிருந்தால் அன்றைக்கே கோப்புகளை மாற்றிவிட்டு டிஸ்க்கை மின்கழிவுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.