பதிவேட்டில் பெயர், உலையில் அரிசி

லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை. புதுக்கோட்டை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கும் ஊர்கள் இவை. இங்கே ஒரு வீட்டின் மாத அரிசியும் பணக்கொடையும் முகாம் பதிவேட்டை நம்பியிருக்கின்றன. அதிலிருந்து பெயரை நீக்கும் ‘பதிவு வெட்டு’ விழுந்தால் இரண்டும் நின்றுபோகும்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று முதலில் கணக்குப் பாருங்கள். 8 வயது நிறைந்தவருக்கு மாதம் 12 கிலோ அரிசி, அதற்குக் குறைந்த குழந்தைக்கு 6 கிலோ. குடும்பத்துக்கு 20 கிலோவைத் தாண்டிய அரிசிக்கு முன்பு கிலோவுக்கு 57 காசு வாங்கினார்கள். 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்த திட்டத்தில் அதுவும் நீங்கியது. பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 500 என அப்போது உயர்ந்தது. அந்தக் கணக்கில் கணவன், மனைவி, 10 வயது மகள், 5 வயது மகன் உள்ள வீட்டுக்கு 42 கிலோவும் 3,500 ரூபாயும் வர வேண்டும். அரிசிக்கு ஒரு வயது வரம்பு, பணத்துக்கு வேறொரு வரம்பு. பிள்ளைக்கு 8 நிறையும்போதும் 12 நிறையும்போதும் அளவு கூடியிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

பெரிய ஆபத்து, முகாமில் இருப்பவர்களை அதிகாரிகள் சரிபார்க்கும் ‘செக்கிங்’ நாள்தான். பெயின்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போனவர் அன்று இல்லையென்றால் பதிவுக்கே சிக்கல் வரலாம். 3,500 ரூபாயில் பருப்பு, எண்ணெய், பால், காய்கறி வாங்கி மாதத்தை ஓட்ட முடியாததால்தானே அவர் போகிறார்? உழைக்கப் போனவரின் சோற்றை அதற்காகவே நிறுத்துவது அநியாயம். விதி மாறும்வரை, கிளம்பும் முன் முகாம் வருவாய் ஆய்வாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து நகலை வீட்டில் வையுங்கள். குழந்தை பிறந்தாலும் மருமகள் வந்தாலும் உடனே எழுத்து மனு கொடுங்கள். வாயால் சொன்னது பின்னால் உதவாது.

  

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை, ஆகவே உங்களுக்கு உரிமையே இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உயிர்வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமானதல்ல என்பதை 1996-ல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சிறு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக உணவு தர வேண்டும் என்கிறது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம். முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவில் வாழ்பவர்களுக்கு முகாம் அரிசி கிடையாது. அவர்களும் அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளி மதிய உணவிலும் பிள்ளைகளுக்கு உரியதைக் கேட்கலாம்.

ரேஷன் கடையில் எடை குறைந்தால் 1967-ல் புகார் செய்யலாம். பதிவுச் சிக்கலென்றால் முகாமுக்குப் பொறுப்பான தனி வட்டாட்சியரிடம் போங்கள். அங்கே தீரவில்லையெனில் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்தபடி சென்னையிலுள்ள மறுவாழ்வுத் துறை ஆணையரகம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. அதைப் பெறப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது.