தண்டவாள மணி மறுபடி ஒலித்தது!



நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், வேப்பமரக் கிளையில் ஒரு துண்டுத் தண்டவாளம் தொங்கும். அதுதான் எங்கள் மணி. இரும்புக் கம்பியால் தட்டினால் 'டணார்' என்று வயல் வரப்பு வரைக்கும் கேட்கும். பிறகு மின்சார மணி வந்தது. தண்டவாளம் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அந்த ஓசையை இனிக் கேட்கப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் சேத்தூர்க் கடைத்தெருவில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். ஊர்த் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்.

"டீச்சர், நம்ம பள்ளிக்கூட மணிச் சத்தம் என்கிட்ட இருக்கு. ஆனா வெளிய எடுக்க முடியல" என்றார்.

சத்தத்தை எப்படியப்பா வைத்திருக்க முடியும்? மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். பரணிலிருந்து இறக்கிய பெரிய கீபோர்டு ஒன்று கட்டில் மேல் கிடந்தது. பக்கத்தில் 11 ஃபிளாப்பிகள்.

ஓசை எண்ணாகும் வித்தை

அது 'சாம்ப்ளர்' என்ற வகைக் கருவி. சாதாரண கீபோர்டில், உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒலிகளைத்தான் வாசிக்கலாம். சாம்ப்ளரிலோ நாம் விரும்பிய ஓசையை மைக் மூலம் பதிந்து, அதையே கட்டைகளில் வாசிக்கலாம். நாய் குரைப்பதையும் பாட்டாக வாசிக்கலாம்!

எப்படி என்கிறீர்களா? ஓசை என்பது காற்றில் ஏற்படும் அதிர்வு. மைக் அதை மின் அலையாக மாற்றும். அந்த அலையின் உயரத்தைக் கருவி விடாமல் அளந்து எண்களாகக் குறித்துக் கொள்ளும். 1987இல் வந்த கேசியோ எஃப்.இசட்.1 என்ற சாம்ப்ளர், ஒரு நொடியில் 36,000 தடவை வரை அளந்தது. அதன் நினைவகம் வெறும் 1 மெகாபைட். அந்த வேகத்தில் பதிந்தால் சுமார் பதினான்கரை நொடி ஓசைதான் அதில் அடங்கும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரிதாக இருக்கிறது!

பதிந்த எண்களை அதே வேகத்தில் படித்தால் அதே ஓசை. இரு மடங்கு வேகத்தில் படித்தால் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஓசை பாதி நேரத்தில் முடிந்துவிடும். பாதி வேகத்தில் படித்தால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஆக, ஒரே தண்டவாள மணி, மேல் கட்டையில் சலங்கைபோலவும் கீழ்க் கட்டையில் கோயில் மணிபோலவும் கேட்கும்.

சாம்ப்ளர் பிறந்த கதை

கணினிச் சில்லுகளுக்கு முன்பே இந்த ஆசை மனிதனுக்கு இருந்தது. 1960களில் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரான் என்ற கருவியில், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் அந்த நாடா ஓடும்.

1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் ஃபேர்லைட் சி.எம்.ஐ. என்ற கருவியைக் கொண்டு வந்தார்கள். ஓசையை எண்ணாக்கி வாசிக்கும் முதல் கருவிகளில் ஒன்று அது. விலையோ மலைக்க வைப்பது. 1984இல் வந்த என்சோனிக் மிராஜ், 2,000 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. அதன்பின்தான் சாம்ப்ளர் சாதாரணக் கலைஞர்கள் கைக்கும் எட்டத் தொடங்கியது.

கலைஞர்களுக்குக் கருவி என்பது அழகுப் பொருள் அல்ல, சோறு போடுவது. ஏ.ஆர்.ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகர் 1976இல் காலமானபோது ரஹ்மானுக்கு வயது 9. தந்தை விட்டுச் சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நாளை ஓட்டியது. என் மாணவரும் 1990களில் பழைய விலைக்கு வாங்கிய அந்தச் சாம்ப்ளரை வாசித்துத்தான் தங்கையின் திருமணத்தை நடத்தினாராம். ஒரு நாடகத்தில் பள்ளிக்கூடக் காட்சிக்காக, எங்கள் தண்டவாள மணியை அப்போதுதான் அதில் பதிந்திருக்கிறார்.

"எடைக்குப் போட்டுருங்கனு எல்லாரும் சொல்றாங்க டீச்சர். மனசு வரல" என்றார்.

முதலில் நகல், பிறகு ரிப்பேர்

மின்சாரம் நின்றதும் இந்தச் சாம்ப்ளரின் நினைவகம் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால்தான் ஓசைகளை ஃபிளாப்பியில் சேமித்தார்கள். ஃபிளாப்பி என்பது காந்தப் பொடி பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். காந்தம் பட்டால் பதிவு அழியும். புது ஃபிளாப்பி வாங்கலாம் என்றால், சோனி நிறுவனமே 2011இல் விற்பனையை நிறுத்திவிட்டது.

ஆகவே அவர் கருவியில் கை வைக்கும் முன், ஃபிளாப்பிகளை நகல் எடுக்க உட்கார்ந்தார். காந்தப் பதிவை அப்படியே படித்துக் கணினிக்கு அனுப்பும் சிறு மின்பலகைகள் இப்போது கிடைக்கின்றன. அதில் ஒன்றை வரவழைத்திருந்தார். பூஞ்சையைப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டார். 9 ஃபிளாப்பிகள் தேறின. இரண்டு தேறவில்லை. அந்த இரண்டில் ஒன்றில், இப்போது உயிரோடு இல்லாத ஒரு நாதஸ்வர வித்வானின் ஊதல் இருந்ததாம்.

"அஞ்சு வருஷம் முன்னாடியே எடுத்திருக்கணும் டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் என்ன பதில் சொல்ல?

அடுத்து ரிப்பேர். மின்சாரம் வழங்கும் பகுதியில் 'கெப்பாசிட்டர்' என்ற சிறு உருளைகள் உண்டு. வருடக்கணக்கில் உள்ளிருக்கும் திரவம் வற்றிவிடும். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். அவற்றை மாற்றினார். கட்டைகளுக்கு அடியில் இருந்த ரப்பர்ப் பட்டைகளையும் அவை தொடும் மின்பலகையையும் சுத்தம் செய்தார். மங்கிப்போன சிறு திரைக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்தார்.

கடைசியாக வந்ததுதான் புதுமை! பழுதான ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அதே அளவுள்ள 'ஃபிளாப்பி எமுலேட்டர்' என்ற பெட்டியைப் பொருத்தினார். முன்பக்கம் பென் டிரைவ் செருகும் துளை. பின்பக்கம் பழைய நாடா வயரே பொருந்துகிறது. பென் டிரைவில் இருப்பதை, அந்தப் பெட்டி ஃபிளாப்பி பேசும் மொழியில் சாம்ப்ளருக்குச் சொல்லும். சாம்ப்ளருக்கோ தன்னுள் ஃபிளாப்பி சுழல்வதாகவே நினைப்பு! 2 ஜிகாபைட் பென் டிரைவில் ஆயிரம் ஃபிளாப்பிக்கு மேல் அடங்கும்.

கவனியுங்கள்: ஓசையை உருவாக்கும் சில்லுகளை அவர் தொடவே இல்லை. அந்தக் கால ஒலியின் குணம் அவற்றில்தான் இருக்கிறது. தேய்ந்ததை மட்டும் மாற்றினார். ரிப்பேர்க்காரரின் நிதானம் அதுதான்.

ஓர் எச்சரிக்கை: மின்கருவிகளை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். தெரிந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், போதும்.

டணார்!

எல்லாம் முடிந்ததும் என்னை அழைத்தார். "நீங்களே அழுத்துங்க டீச்சர்" என்றார். ஒரு கட்டையை அழுத்தினேன். 'டணார்!' அதற்குப் பின்னால் மெல்லியதாக ஒரு காக்கை கரைந்தது. எங்கள் வேப்பமரத்துக் காக்கை! மணியைப் பதியும்போது அதுவும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் இன்று கேட்கும் ஓசை நாளை இல்லாமல் போகலாம். தாத்தாவின் இருமல், ஆட்டுக்கல் அரைபடும் ஓசை, தறிச் சத்தம், பால்காரரின் சைக்கிள் மணி. வீட்டுக் கைப்பேசியில் அவற்றைப் பதியுங்கள். என்ன ஓசை, எந்த ஊர், எந்த நாள் என்று பெயர் வையுங்கள். முக்கியமாக, இரண்டு இடங்களில் நகல் வைத்து, வருடத்துக்கு ஒரு முறை திறந்து கேட்டுப் பாருங்கள். பூட்டி வைத்தது எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நம்பினால், அந்த நாதஸ்வரத்துக்கு நேர்ந்ததுதான் நேரும்.

முதலில் யாருடைய குரலைப் பதியப் போகிறீர்கள்? இன்று சாயங்காலமே தொடங்கிவிடுங்கள்!