பகுப்பாய்வுப் படிநிலை முறை

பகுப்பாய்வுப் படிநிலை முறை என்பது பல அளவுகோல்களைக் கொண்டு முடிவெடுக்கும்போது, ஒவ்வோர் அளவுகோலுக்கும் உரிய எடையை நிபுணர்களின் கருத்திலிருந்து கணக்கிடும் முறையாகும். ஈராக்கில் பிறந்த அமெரிக்கக் கணிதவியலாளர் தாமசு சாட்டி (1926–2017) இதனை 1970களில் உருவாக்கினார்.

இணை ஒப்பீடு

பல அளவுகோல்களுக்கு ஒரே நேரத்தில் எடை கூறுவது கடினம். இரண்டை மட்டும் ஒப்பிடுவது எளிது. ஆகவே இம்முறையில் அளவுகோல்கள் இரண்டிரண்டாக ஒப்பிடப்படுகின்றன. இரண்டும் சமமெனில் 1, ஒன்று மிகமிக முக்கியமெனில் 9 என மதிப்பு தரப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நகராட்சி குடிநீர்த் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். நீரின் தரம் செலவைவிட 3 மடங்கும், செலவு காலத்தைவிட 2 மடங்கும் முக்கியம் என்கிறார் நிபுணர். அப்படியானால் தரம் காலத்தைவிட 6 மடங்கு முக்கியமாக இருக்க வேண்டும். அவரோ 5 என்கிறார். இம்மூன்று விடைகளிலிருந்து தரம் 0.65, செலவு 0.23, காலம் 0.12 என எடைகள் கிடைக்கின்றன.

முரண்பாட்டை அளத்தல்

மேற்கண்டது சிறிய முரண்பாடு. மனிதத் தீர்ப்பில் இது இயல்பு. அதே நிபுணர் காலமே தரத்தைவிட 2 மடங்கு முக்கியம் என்றிருந்தால், அவர் கருத்து வட்டமாகச் சுழல்கிறது. இதனை அளக்க முரணின்மை விகிதம் பயன்படுகிறது. இது 0.10 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஏற்கலாம் என்பது சாட்டியின் பரிந்துரை. முதல் நிலையில் விகிதம் 0.01க்கும் குறைவு, இரண்டாவதில் 0.6க்கும் மேல். அப்போது நிபுணரிடம் மீண்டும் கேட்க வேண்டும்.

பலரின் கருத்து

ஒருவர் 4 என்றும் மற்றவர் நேர்மாறாக 1/4 என்றும் கூறினால், கூட்டுச் சராசரி ஏறத்தாழ 2.1 ஆகி முதலாமவர் பக்கம் சாய்கிறது. பெருக்குச் சராசரி 1 ஆகும். இருவருக்கும் சம மதிப்பு கிடைக்கிறது. எனவே பெருக்குச் சராசரியே பயன்படுத்தப்படுகிறது.

குறைபாடுகள்

ஏற்கெனவே உள்ள தெரிவு ஒன்றின் நகலைப் புதிதாகச் சேர்த்தால், பழைய தெரிவுகளின் தரவரிசை மாறக்கூடும் என்று 1983 இல் பெல்ட்டன், கியர் ஆகியோர் சுட்டிக்காட்டினர். மேலும், முரணின்மை என்பது சரியான தீர்ப்புக்குச் சான்றாகாது. ஒருவர் முரணின்றியே தவறாகவும் மதிப்பிடலாம். நீரின் தரத்தை எல்லா ஒப்பீடுகளிலும் குறைத்து மதிப்பிடும் நிபுணர் இச்சோதனையில் எளிதாகத் தேறிவிடுவார். பாதிக்கப்படுவோர் அந்நீரைக் குடிக்கும் மக்களே. எனவே எடைகளைச் சற்றே மாற்றி, முடிவு மாறுகிறதா என்று பார்ப்பது அவசியம். சிறு மாற்றத்திலேயே முதலிடம் மாறினால், அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.