அடர்புதர் வேட்டைநாய்கள்

அடர்புதர் வேட்டைநாய்கள் எனப்படுபவை முட்செடிகள், நாணல், இளமரச் செறிவு, உயர்ந்த புல் முதலியன மண்டிய இடங்களில் பதுங்கியிருக்கும் பறவைகளையும் விலங்குகளையும் மோப்பத்தால் கண்டறிந்து வெளிக்கொணரும் நாய்கள் ஆகும். இது ஒரு தனி இனத்தின் பெயரன்று. ஒரு பணியின் பெயராகும். ஸ்பானியல், ஹவுண்ட், டெரியர் ஆகிய குழுக்களைச் சேர்ந்த பல இனங்களும் அவற்றின் கலப்பினங்களும் இப்பணிக்குப் பயன்படுகின்றன. திறந்தவெளியில் நாயின் ஓட்டத்தை வேட்டையாளர் கண்ணால் காண இயலும். அடர்புதரில் நாய் பெரும்பாலான நேரம் மறைந்தே இருக்கும். ஆகவே, பார்வைக்கு அப்பாலும் நாய் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே இங்கு இனத்தையும் கலப்பையும் தேர்ந்தெடுப்பதற்கான முதன்மை அளவுகோலாக உள்ளது.

அடர்புதரின் இயல்பு

அடர்புதர் நாயின் பணியை மூன்று வகைகளில் மாற்றுகிறது. முதலாவதாக, இலைச்செறிவு பார்வையை மறைப்பதால் கண்பார்வையை நம்பி ஓடும் நாய்கள் பயனற்றுப் போகின்றன. இரண்டாவதாக, செடிகள் காற்றோட்டத்தைத் தடுக்கின்றன. திறந்தவெளியில் நெடுந்தொலைவுக்குப் பரவும் மணம், புதருக்குள் திட்டுத்திட்டாகத் தரையை ஒட்டியே தங்குகிறது. அதனால் நாய் ஒவ்வொரு புதரையும் நெருங்கித் தேட வேண்டியுள்ளது. மூன்றாவதாக, முயல், வூட்காக், ஃபெசன்ட் முதலிய உயிரினங்கள் தம் நிற ஒற்றுமையை நம்பி, ஓடாமல் அசைவின்றிப் பதுங்குகின்றன. முட்களுக்குள் நுழையத் தயங்கும் நாய் இவற்றைத் தாண்டிச் சென்றுவிடும்.

தேர்வுக்குரிய பண்புகள்

தேடல் எல்லை: சிதறுகுண்டுத் துப்பாக்கியின் பயனுறு தொலைவு ஏறத்தாழ 35 முதல் 40 மீட்டர் வரை ஆகும். அதற்கு அப்பால் நாய் எழுப்பும் பறவை வேட்டையாளருக்குப் பயன்படாது. எனவே பறவை வேட்டைக்கு, வேட்டையாளருக்கு அருகில் குறுக்கும் நெடுக்குமாகத் தேடும் நாயே தேவைப்படுகிறது. காட்டுப்பன்றி வேட்டையில் இதற்கு மாறாக, தொலைவுக்குச் சென்று தனித்துத் தேடும் நாய் விரும்பப்படுகிறது.

குரல்: காணாத நாயின் செயலை அறிய அதன் குரலே துணை. செருமானிய வேட்டை மரபில் நாய்கள் குரலின் அடிப்படையில் வகைப்படுத்தப்படுகின்றன. விலங்கைக் காணாமல், அதன் தடத்தில் மணம் உள்ளவரை மட்டும் குரைக்கும் நாய் உயர்வாக மதிக்கப்படுகிறது. விலங்கைக் கண்டால் மட்டும் குரைப்பது அடுத்த நிலை. குரலே கொடுக்காமல் துரத்துவது குறையாகும். மணமும் விலங்கும் இல்லாத இடத்தில் வெறுமனே குரைப்பதும் குறையாகும், ஏனெனில் அத்தகைய நாயின் குரலிலிருந்து எதையும் அறிய முடியாது. பறவைகளை எழுப்பும் ஸ்பானியல்கள் மட்டும் பொதுவாக அமைதியாகப் பணிபுரியுமாறு எதிர்பார்க்கப்படுகின்றன.

மயிரும் தோலும்: மிகக் குறுகிய மயிருடைய நாய்களின் தோல் முட்களால் எளிதில் கிழிபடும். மிக நீண்ட மென்மயிரில் ஒட்டுமுட்களும் புல்விதைகளும் சிக்கிக்கொள்ளும். நடுத்தர நீளமுள்ள அடர்மயிரோ கம்பி போன்ற முரட்டுமயிரோ இப்பணிக்கு ஏற்றது.

உடலளவு: சிறிய நாய் புதரின் அடிப்பகுதியில் நுழைந்து செல்லும், பெரிய நாய் செடிகளை நெரித்துக்கொண்டு செல்லும். குட்டைக்கால் நாய்கள் மெதுவாகத் துரத்துவதால் மான், பன்றி முதலியன வெருண்டு பாயாமல் நிதானமாக நகர்கின்றன. அது குறிபார்த்துச் சுடுவதற்கு உதவுகிறது.

கட்டுப்பாடு: பறவை எழும்பியதும் அதன் பின்னே பாயும் நாய், தாழ்வாகச் சுடப்படும் குண்டுக்கு இரையாகக்கூடும். ஆகையால் பறவை எழும்பியவுடனும் வெடியோசை கேட்டவுடனும் நாய் உட்கார்ந்துவிடுமாறு பழக்கப்படுகிறது. இக்கட்டளைக்கு எளிதில் பணியும் இயல்பு பெற்றோரிடமிருந்து குட்டிகளுக்கு ஓரளவு வருவதால், அதுவும் தேர்வில் கருதப்படுகிறது.

இனங்கள்

ஸ்பானியல்கள்

பிரித்தானியாவில் உருவான ஸ்பானியல்கள் இப்பணிக்கென்றே வளர்க்கப்பட்டவை. ஸ்பிரிங்கர் என்ற பெயர், பறவைகளைத் திடீரென எழும்பச் செய்யும் அதன் பணியைக் குறிக்கிறது. காக்கர் என்ற பெயர் வூட்காக் பறவையிலிருந்து வந்தது. முற்காலத்தில் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் பெரியவை ஸ்பிரிங்கர் எனவும் சிறியவை காக்கர் எனவும் அழைக்கப்பட்டன. பின்னரே இவை தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆங்கில ஸ்பிரிங்கர் ஸ்பானியலை இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1902இல் தனி இனமாக ஏற்றது. ஸ்பிரிங்கர் தோள்வரை ஏறத்தாழ 51 செ.மீ. உயரமும், ஆங்கில காக்கர் ஏறத்தாழ 40 செ.மீ. உயரமும் உடையவை.

நாட்டிங்காம்ஷயரிலுள்ள கிளம்பர் பூங்காவின் பெயரைக் கொண்ட கிளம்பர் ஸ்பானியல், ஸ்பானியல்களுள் மிகவும் கனமானது. ஆண்நாய் 30 கிலோகிராமுக்கு மேல் எடையுடையது. இது மெதுவாகவும் ஓசையின்றியும் தேடும். சசெக்ஸ் ஸ்பானியல் மற்ற ஸ்பானியல்களிலிருந்து வேறுபட்டு, தேடும்போது குரல் கொடுக்கும் இயல்புடையது. அடர்ந்த புதர்களைக் கொண்ட சசெக்ஸ் பகுதியில் இவ்வியல்பு பயனுடையதாக இருந்தது.

1899இல் டெர்பிஷயரில் ஸ்பானியல்களுக்கான களப்போட்டி தொடங்கப்பட்ட பின்னர், விரைவும் துடிப்பும் மிகுந்த ஸ்பிரிங்கர் போட்டிகளில் முன்னணி பெற்றது. மெதுவாகத் தேடும் கிளம்பரும் சசெக்ஸும் வேட்டைக்களத்தில் அருகின. 1884இல் நிறுவப்பட்ட அமெரிக்கன் கென்னல் கிளப்பின் தொடக்ககால ஒன்பது இனங்களுள் இவ்விரண்டும் இடம்பெற்றிருந்தன. ஆயினும் இரண்டாம் உலகப்போரின் முடிவில் சசெக்ஸ் ஸ்பானியல்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே எஞ்சியிருந்தன. போட்டியில் மதிப்பெண் பெறும் பண்பு ஓர் இனத்தின் எண்ணிக்கையையே மாற்றக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

மேலும், ஸ்பிரிங்கர், காக்கர் ஆகிய இரண்டிலும் கண்காட்சிக்கு வளர்க்கப்படும் வழியும் வேட்டைக்கு வளர்க்கப்படும் வழியும் இன்று பெரிதும் வேறுபட்டுள்ளன. கண்காட்சி வழி நாய்களுக்கு நீண்ட மயிரும் காதுகளும் உள்ளன. எனவே இனத்தின் பெயரை மட்டும் கொண்டு ஒரு குட்டியின் வேட்டைத்திறனை மதிப்பிட இயலாது.

பிற இனங்கள்

செருமனியின் வாக்டெல்ஹுண்ட், தோற்றத்தில் ஸ்பானியலை ஒத்தது. தடத்தில் குரல் கொடுத்தவாறு துரத்தும் இந்நாய் முயல் முதல் காட்டுப்பன்றி வரை பலவகை வேட்டைக்குப் பயன்படுகிறது. இதனை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் ருடால்ஃப் ஃபிரீஸ். இவர் பழுப்பு நிறம், வெண்மை கலந்த நிறம் என இரு வழிகளைத் தனித்தனியே பேணி, நெருங்கிய உறவுக் கலப்பினால் விளையும் தீங்கைக் குறைக்க முயன்றார்.

பீகிள் மோப்பத்தால் தடம் பிடித்துத் தொடர்ந்து குரைக்கும் சிறிய ஹவுண்ட் ஆகும். வட அமெரிக்காவின் காட்டன்டெயில் முயல், துரத்தப்படும்போது தன் வாழிடத்தைச் சுற்றி வட்டமிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் பழக்கமுடையது. ஆகவே வேட்டையாளர் ஓரிடத்தில் நின்று, நாயின் குரலைக் கேட்டு முயலின் வருகையைக் கணிக்கிறார்.

பாயின்டர், செட்டர் ஆகியவை பறவையை எழுப்பாமல் அசைவற்று நின்று காட்டும் நாய்கள். புதருக்குள் இவ்வாறு நிற்கும் நாயைக் காண இயலாது என்பதால் கழுத்தில் மணி கட்டப்படுகிறது. மணியோசை நின்றால் நாய் பறவையைக் காட்டி நிற்கிறது என்று பொருள். இக்காலத்தில் ஒலிப்பட்டைகளும் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டைகளும் இதற்குப் பயன்படுகின்றன.

கலப்பினங்கள்

இரு இனங்களின் நற்பண்புகளை ஒன்றாகப் பெறும் நோக்கில் கலப்பினங்கள் உருவாக்கப்படுகின்றன. ஸ்பிரிங்கரும் காக்கரும் கலந்த ஸ்ப்ராக்கர் பிரித்தானியாவில் பரவலாக உள்ளது. இரண்டும் ஒரே முறையில் பணிபுரிவதால் இக்கலப்பின் நடத்தை பெரும்பாலும் எதிர்பார்த்தவாறே அமைகிறது. மாறாக, நின்று காட்டும் நாயையும் உடனே எழுப்பும் நாயையும் கலந்தால், எப்போது நிற்கும், எப்போது பாயும் எனக் கூறவியலாத குட்டிகள் பிறக்கக்கூடும். பண்புகள் இரண்டு நிறங்களைப் போலக் கலந்து நடுநிலை அடைவதில்லை. தனித்தனியே குட்டிகளுக்குச் செல்கின்றன.

இரு தூய இனங்களின் முதல் தலைமுறைக் கலப்பில் குட்டிகள் ஓரளவு ஒத்த தன்மையுடன் இருக்கும். அக்குட்டிகளைத் தமக்குள் இணைத்தால், இரண்டாம் தலைமுறையில் அளவு, மயிர், இயல்பு யாவும் பெரிதும் சிதறும். ஆகவே முதல் தலைமுறையில் கிடைத்த வெற்றியைக் கொண்டு அடுத்த தலைமுறையைப் பற்றி முடிவு செய்தல் ஆகாது. முதல் உலகப்போருக்குப் பின் செருமனியில் உருவாக்கப்பட்ட ஜாக்டெரியர், ஃபாக்ஸ் டெரியரையும் பழைய ஆங்கில டெரியரையும் கலந்து, பல தலைமுறைகள் கடுமையாகத் தேர்ந்தெடுத்த பின்னரே நிலையான இனமாயிற்று.

காட்டுப்பன்றி வேட்டையில் ஒரே நாயில் எல்லாப் பண்புகளையும் தேடுவதற்கு மாற்றாக, பணி பகிரப்படுகிறது. பன்றியைக் கண்டறிந்து, நெருங்காமல் குரைத்து நிறுத்தும் நாய்கள் ஒருவகை. அதைப் பற்றிப் பிடிக்கும் வலிய நாய்கள் மற்றொரு வகை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் முதல் பணிக்குக் கட்டஹூலா, பிளாக் மௌத் கர் ஆகியவையும் அவற்றின் கலப்புகளும், இரண்டாம் பணிக்குப் புல்டாக் வழிக் கலப்புகளும் பயன்படுகின்றன. குரைத்து நிறுத்த வேண்டிய நாயிடம் பற்றும் இயல்பு மிகுந்தால், அது பன்றியின் கோரைப்பற்களால் விரைவில் உயிரிழக்கும்.

கலப்பு நாய்கள் நோயற்றவை என்ற கருத்து முழுவதும் சரியன்று. ஒடுங்கு மரபணுவால் வரும் நோய் ஓர் இனத்தில் மட்டும் இருந்தால், முதல் தலைமுறைக் கலப்பில் அது வெளிப்படாது. இரு இனங்களிலும் அதே மரபணு இருந்தால் கலப்பிலும் வெளிப்படும். பாதங்களில் வலியுணர்வு அற்றுப்போய், நாய் தன் விரல்களையே கடித்துச் சிதைத்துக்கொள்ளும் ஒரு மரபுநோய் ஸ்பிரிங்கர், காக்கர் ஆகிய இரண்டிலும் காணப்படுகிறது. எனவே ஸ்ப்ராக்கருக்கும் இதற்கான மரபணுச் சோதனை தேவை. அவ்வாறே, மெர்ல் எனப்படும் திட்டு நிறமுடைய இரு நாய்களை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி அம்மரபணுவை இருமடங்காகப் பெறும். அத்தகைய குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மையோ கண்குறையோ வரும் வாய்ப்பு மிகுதி. கட்டஹூலா கலப்புகளில் இது கவனிக்கத்தக்கது.

இடர்களும் பாதுகாப்பும்

* புல்விதைகள் காது, கண், விரலிடுக்குகளில் நுழைந்து சீழ்பிடிக்கச் செய்யும். ஒவ்வொரு நாளும் பணி முடிந்தபின் இவ்விடங்களைப் பார்வையிட வேண்டும்.
* ஓயாமல் ஆடும் வால் முட்களில் அடிபட்டுக் கிழியும். ஸ்காட்லாந்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு, வால் குறைக்கப்படாத வேட்டை ஸ்பானியல்களுள் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே பருவத்தில் வாலில் காயமடைந்ததாகக் காட்டியது. அங்கு முழுமையாகத் தடைசெய்யப்பட்டிருந்த வால் குறைப்பு, 2017இல் வேட்டை ஸ்பானியல் முதலிய சில வகைகளுக்கு மட்டும், வாலின் மூன்றில் ஒரு பங்கு வரை அனுமதிக்கப்பட்டது. குட்டிகளுக்கு வலியுண்டாக்கும் செயல் என்று இதனை எதிர்ப்போரும் உள்ளனர்.
* காட்டுப்பன்றிகளிலிருந்து தொற்றும் அவுஜெஸ்கி நோய் நாய்களைச் சில நாட்களில் கொல்லும். பன்றியின் பச்சை இறைச்சியையும் குடலையும் நாய்களுக்குக் கொடுத்தல் கூடாது.
* பன்றி வேட்டை நாய்களுக்குக் கழுத்தையும் மார்பையும் காக்கும் தடித்த மேலாடை அணிவிக்கப்படுகிறது.

சட்டநிலை

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், காட்டுப் பாலூட்டிகளை நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதைச் சில விதிவிலக்குகளுடன் தடைசெய்கிறது. இச்சட்டம் 2005 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. நாய்களைக் கொண்டு பறவைகளை எழுப்புதல் இதில் அடங்காது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. உரிய அலுவலரின் அனுமதியுடன், சட்டம் வரையறுத்த சூழல்களில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு.

தமிழ்நாட்டு நாய்களுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை மெலிந்த உடலும் நீண்ட கால்களும் குறுகிய மயிரும் உடையவை. தென்மாவட்டங்களின் திறந்த நிலப்பரப்பில் முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கு ஏற்றவாறு இவை வளர்ந்தன. இவ்வமைப்பே முட்புதரில் இவற்றுக்குக் குறையாகிறது. தேனி மாவட்டத்தின் கோம்பைப் பெயரைத் தாங்கிய கோம்பை நாய், உறுதியான உடற்கட்டுடன் முற்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்டது. இன்று வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளமையால் இவ்வினங்கள் காவலுக்காகவும் இனப்பாதுகாப்பு நோக்கிலும் வளர்க்கப்படுகின்றன.