துடைப்பம் எழுப்பும் தூசி

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றில் காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பு மாலைக்குள் மீண்டும் மங்கிப் போவதற்கு வீட்டாரின் சோம்பல் காரணமன்று. 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கடைசல், சாணைப் பட்டறைகள், சி.டி.எச். சாலையிலும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் இரவு பகலாக ஓடும் எம்-சாண்ட் லாரிகள், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ வழித்தடத்திற்காகத் தோண்டப்பட்ட சாலையோரங்கள், தார் போடாத தெருமுனைகள் என இப்பகுதியில் தூசியின் பிறப்பிடங்கள் பல. மே முதல் ஜூலை வரை வீசும் வறண்ட மேல்காற்று இவை அனைத்தையும் வாரி வீடுகளுக்குள் சேர்க்கிறது. வீட்டுத் தூசியின் பெரும்பகுதி மனிதத் தோலின் உதிர்வே என்று பரவலாகச் சொல்லப்படுவது, ஆண்டு முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் இவ்வூர் வீடுகளுக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஒரு காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஜன்னல் சட்டத்தின் பள்ளத்தில் படிந்துள்ள தூசியின்மீது மெதுவாக நகர்த்தினால், கரிய நுண்துகள்கள் சிலிர்த்த மயிர்போல உறையில் ஒட்டி நிற்பதைக் காணலாம். பட்டறைகளில் உராய்ந்த இரும்பு, வாகனங்களின் பிரேக்குகள் தேய்ந்து உதிர்த்த துகள், மணலில் இயற்கையாகவே கலந்துள்ள காந்தக் கனிமம் ஆகிய மூன்றும் அதில் கலந்திருக்கக்கூடும்.

இத்தூசியை வெல்வதற்கு முதலில் அறிய வேண்டியது துகளின் அளவு. மில்லிமீட்டரில் 1000-இல் ஒரு பங்கு மைக்ரோமீட்டர் எனப்படும். மனிதத் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர். நீரின் அடர்த்தி கொண்ட 100 மைக்ரோமீட்டர் துகள் அசைவற்ற காற்றில் நொடிக்குக் கால் மீட்டர் வேகத்தில் விழுந்துவிடும். 10 மைக்ரோமீட்டர் துகளோ நொடிக்கு 3 மில்லிமீட்டர் மட்டுமே இறங்குவதால், இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய ஏறத்தாழ கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 1 மைக்ரோமீட்டர் துகளுக்கு அதே தொலைவைக் கடக்க முக்கால் நாளுக்கு மேல் ஆகும். பத்து மைக்ரோமீட்டர் அளவினவற்றில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிட, இரண்டரை மைக்ரோமீட்டருக்கும் குறைந்தவை நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன.

துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்கும்போது நிகழ்வதை இந்த எண்களே விளக்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் மணலும் முடியும் முறத்தில் சேருகின்றன. அவற்றுடன் ஒட்டியிருந்த நடுத்தர அளவுத் துகள்கள் உதறப்பட்டு மேலெழுகின்றன. மிக நுண்ணியவை, அவற்றைத் தரையோடு பிணைக்கும் ஒட்டுவிசை அவற்றின் எடையைவிடப் பன்மடங்கு வலியது என்பதால், துடைப்பத்திற்கு அசையாமல் தரையிலேயே தங்கிவிடுகின்றன. புதிய பூந்துடைப்பமாக இருந்தால் அதன் பூக்கதிர்களே முதல் சில வாரங்களுக்கு மாவுபோல உதிர்ந்து தூசியைக் கூட்டும். பெருக்கும் நேரத்தில் மின்விசிறியும் சுழன்றுகொண்டிருந்தால், நொடிக்கு 3 மில்லிமீட்டர் இறங்கும் துகள், நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேல் வீசும் காற்றோடு போட்டியிட முடியாமல் அறையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே பெருக்கும்போது விசிறியை நிறுத்துவதும், பெருக்கி முடித்த பின் கால் மணி நேரமாவது அதை ஓடவிடாமல் வைப்பதும், அலமாரி, மேசைகளை அதன்பிறகே ஈரத்துணியால் துடைப்பதும் பயன் தரும். இங்கே மறக்கப்படுவது பெருக்குபவரின் மூச்சு: காலையில் நான்கைந்து வீடுகளில் குனிந்து பெருக்கும் பணிப்பெண் அந்த எழுந்த தூசியின் நடுவிலேயே நிற்கிறார் என்பதால், உலர்பெருக்கலைக் குறைத்து ஈரமாப்புக்கு மாறுவது வீட்டாரின் வசதியைக் காட்டிலும் அவருடைய உடல்நலத்திற்கே முதலில் தேவைப்படுகிறது.

ஈரம் ஏன் பலன் தருகிறது என்றால், துகளைச் சுற்றிப் படியும் மெல்லிய நீர்ப்படலம் தன் பரப்பு இழுவிசையால் அதைத் துணியின் இழையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. காற்றில் எழ அதற்கு வாய்ப்பே இல்லை. பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்து பிளவுபடுத்திய, மயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாலான மைக்ரோஃபைபர் துணி, பழைய வேட்டித் துணியைவிட அதிகம் பற்றுவதும் அதன் இழைப்பரப்பு மிகுதியாக இருப்பதால்தான். ஆயினும் ஒரே வாளித் தண்ணீரில் நான்கு அறைகளைத் துடைத்தால், கடைசி அறையில் பூசப்படுவது முதல் அறையின் சேறு. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புத்தன்மை மிகுந்த இப்பகுதிகளில், அந்நீர் டைல்ஸ் தரையில் உலரும்போது வெள்ளைத் திட்டுகளை விடுவதும் உண்டு; துணியை நன்கு பிழிந்து துடைத்தால் அது பெருமளவு குறையும்.

மின்விசிறி இறக்கையில், அதுவும் காற்றைக் கிழித்து முன்னே செல்லும் ஓரத்தில், தூசி தடித்துப் படிவது பலருக்கும் புதிராகத் தோன்றும். அவ்வளவு வேகமாகச் சுழலும் பரப்பில் எதுவும் தங்க முடியாது என்பதே பொதுவான எண்ணம். பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அப்பரப்போடு சேர்ந்தே நகர்வதால், இறக்கையோடு ஒப்பிட அதன் வேகம் அங்கே சுழியாகிவிடுகிறது; நுண்துகள் அந்த அமைதியான படலத்திற்குள் புதைந்து கிடக்கிறது. ரிச்சர்ட் ஃபைன்மன் தம் புகழ்பெற்ற இயற்பியல் விரிவுரைகளில் பாய்மங்களின் ஓட்டத்தை விளக்க இதே விசிறித் தூசியைத்தான் எடுத்துக்காட்டினார். பழைய தலையணை உறையை இறக்கைமேல் செருகி இழுத்தால், தூசி கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழுந்துவிடும்.

மெத்தையில் வாழும் தூசிப்பூச்சி வேறு வகைச் சிக்கல். வீட்டுத் தூசி ஒவ்வாமையின் மூலம் கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுயிரே என்பதை நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் 1964-இல் வெளிக்கொணர்ந்தனர். அது நீரைக் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உடலால் உறிஞ்சுகிறது என்பதால், சென்னையின் புழுக்கம் அதற்கு ஏற்ற சூழல். இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும் மொட்டை மாடியில் கடும் வெயிலில் புரட்டிப் போடும் பழைய வழக்கம் வெப்பத்தாலும் வறட்சியாலும் அதன் எண்ணிக்கையைக் குறைக்கிறது. படுக்கை விரிப்புகளை 55 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்தால் அது இறந்துவிடும்.

துடைப்பத்துக்கும் துணிக்கும் எட்டாத தூசியும் உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்கு ஈடானது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்புகைத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்தவை என்பதால் அவை படியக் காத்திருப்பதில் பொருளில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பதும், அந்த வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுவதும் இதற்குச் சரியான மாற்று.

குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் இன்னும் கூர்மையாக வேண்டும். போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பங்கேற்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னையின் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் என்று கண்டது; அளவு கூடியவர்களிடம் கவனக்குறைவும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. ஈயம் உடலில் சேரும் வழிகள் பலவாயினும், தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் பருவத்தில் வீட்டுத் தூசி அவற்றுள் முக்கியமானது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பொங்கலுக்கு முன் பழைய கதவுகளையும் ஜன்னல் கிரில்களையும் உப்புத்தாளால் உலரத் தேய்ப்பது ஆபத்தானது. நீர் தெளித்து ஈரத்தில் தேய்த்து, அந்த நாளில் குழந்தைகளை வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும்.

உள்ளே வந்தபின் துரத்துவதைவிட வாசலிலேயே நிறுத்துவது எளிது. வாசல் தெளிப்பதும் செருப்பை வெளியே விடுவதும் தூசியறிவியலுக்கு இசைந்த வழக்கங்கள். கதவுக்கு வெளியே தேங்காய்நார்க் கால்மிதி ஒன்றும், உள்ளே வாரந்தோறும் துவைக்கும் துணிமிதி ஒன்றும் அவற்றோடு சேர வேண்டும். மேல்காற்று ஓங்கும் நாட்களின் முற்பகலில் மேற்கு, சாலை நோக்கிய ஜன்னல்களைச் சாத்திவைத்து, மாலையில் கடற்காற்று இப்பகுதிக்குச் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தபின் திறப்பது நல்லது.

தெருவில் எழும் தூசியை வீட்டு மாப்பால் தீர்க்க முடியாது. துகள் மாசு வரம்பை மீறிய நகரங்களில் கட்டுமானப் பொருள்களை மூடாமல் வாகனங்களில் ஏற்றிச் செல்லவும் திறந்த வெளியில் கல் அறுக்கவும் தடை விதித்து, கட்டுமான இடங்களில் நீர் தெளிப்பதைக் கட்டாயமாக்கி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியில் அறிவிக்கை வெளியிட்டது. அதே கட்டுப்பாட்டை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியின் கட்டுமான இடங்களிலும், எம்-சாண்ட் லாரிகள் கடக்கும் ஒவ்வொரு சாலையிலும் நிறைவேற்றும்படி குடியிருப்போர் நலச் சங்கங்கள் மாநகராட்சிகளையும் நகராட்சியையும் எழுத்துமூலம் கேட்கலாம்.